எந்திரிச்சாச்சா?

2019 ஆகஸ்ட் 18, ஞாயிறு. காலை 4.50க்கு எழுந்தேன். டயரியில் தேதி எழுதினேன். ஆறு மணிப் பூசைக்குப் போய்விட்டு 7.05க்கு வீடு திரும்பினேன். நான்கு இட்லி, மல்லிச் சட்னி. ஒன்பதாம் வகுப்புக் கணக்கு விடைத்தாளில் பதினொன்றைத் திருத்தி முடித்தேன். பன்னிரண்டாவதைப் பிரித்தபோது மணி 8.40 ஆகிவிட்டதால் மூடி வைத்தேன். ஸ்டாப்வாட்ச் இரண்டுக்கும் புது பேட்டரி போட்டேன். நோட்டு, இரண்டு பென்சில், மரச்சுத்தியல், தண்ணீர் பாட்டில். 9.30க்கு மண்டபத்தில் இருந்தேன்.

மாவட்டக் குத்துச்சண்டைத் தேர்வுப் போட்டியின் இரண்டாம் நாள் அது. நகரிலிருந்து மதுரைச் சாலைக்குப் பிரியும் இடத்தில் உள்ள ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ரிங் கட்டியிருந்தார்கள். ரிங்குக்குப் பக்கத்தில் என் மேசையும் வெண்கல மணியும். மேசைக்கு அடியில் அவருடைய மஞ்சப்பை இருந்தது. எட்டிப் பார்த்தேன். பைக்குள் தலையணை உறையின் மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அவர் தூங்கவில்லை.

அவர் நடுவர். நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பேகம்பூர் பக்கம் வீடு. வாரத்தில் ஆறு நாள், தோல் ஷாப் என்று ஊரில் சொல்லும் பதனிடும் ஆலை ஒன்றில், பதப்படுத்தி வந்த தோலைத் தரம் பிரிக்கும் வேலை. போட்டி நடக்கும் நாளில் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கழுத்தில் கறுப்பு போ டை. நான் பள்ளியில் கணக்கு டீச்சர். விளையாட்டு விழாக்களில் ஸ்டாப்வாட்ச் பிடித்த பழக்கத்தில் குத்துச்சண்டைக்கும் மணி அடிக்கப் போனேன். ஒருவர் விழுந்தால் நான் விநாடிக்கு ஒரு தட்டாக மேசையில் சுத்தியலால் தட்ட வேண்டும். அந்தத் தட்டுக்கு ஒன்றாக அவர் விரலை நீட்டி எட்டு வரை எண்ண வேண்டும். ஒன்பது வருடம் இப்படி என் கையும் அவர் விரலும் சேர்ந்து எண்ணியிருக்கின்றன. அதைத் தாண்டி எங்களுக்குள் அதிகப் பேச்சு இல்லை.

அந்தத் தலையணையை வைத்து அவரைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. இலவம்பஞ்சுத் தலையணை, பச்சைக் கட்டம் போட்ட உறை. எந்த ஊரில் போட்டி என்றாலும் கூடவே வரும். போட்டி தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது, கையுறை சரிபார்ப்பதும் எடை எழுதுவதுமாக எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கையில், அவர் ஏதாவது ஒரு மூலையில் தலையணையைப் போட்டு, முகத்தில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். இரண்டே நிமிடத்தில் மூச்சு சீராகிவிடும்.

“பாய், விழுறவனுக்குத் தலைக்கு வைக்கவா இதைத் தூக்கிட்டு வாரீங்க?” என்று ஒருவர் கேட்டார்.

“விழாம இருக்கத்தான்” என்று துண்டுக்குள்ளிருந்தே பதில் வந்தது.

தூக்கத்தைப் பற்றி அவருக்கு ஒரு தீர்மானமான கருத்து இருந்தது. அதை ஒருமுறை எனக்கு விளக்கமாகவே சொன்னார். “தூங்கலேன்னா கண்ணு மங்கும்னு நெனைக்கிறாங்க டீச்சர். கண்ணு நல்லாத்தான் பார்க்கும். கையும் நல்லாத்தான் இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல ‘போதும்’னு சொல்ற எடம் ஒன்னு இருக்குல்ல, அது மட்டும் லேட்டா வரும்.”

அதனால் போட்டி நாள் காலையில் என் மேசைக்கு வந்து, முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று சொல்வார். நான் நோட்டில் அவர் பெயருக்கு எதிரே ஒரு கட்டம் போட்டு எழுதுவேன். விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை. அவர் கேட்டதால் போட்டது. ஆறு, ஆறரை, ஐந்தே முக்கால். ஐந்துக்குக் குறைந்தால் அவரே கை தூக்கி, “இன்னைக்கு எனக்கு மேட்ச் வேண்டாம்” என்று சொல்லிவிடுவார். போட்டிக்கு வருகிற நடுவர்கள் பள்ளிக்கூட பெஞ்சிலும் பஸ் ஸ்டாண்டிலும் கொசுக்கடியில் படுத்து எழுந்து வருகிறவர்கள். அவர்களுக்கு இது சிரிப்பாக இருந்தது. எனக்கும் முதல் வருடம் சிரிப்பாகத்தான் இருந்தது.

போட்டிக்கு முன்னால் அப்படித் தூங்குகிறவருக்கு, போட்டி முடிந்த இரவில் பொட்டுத் தூக்கம் கிடையாது. அவர் எண்ணிய ஆள், அவர் தடுத்து நிறுத்திய ஆள், தலையில் அடி வாங்கிய ஆள் என ஒவ்வொருவரும் மறுநாள் காலையில் எழுந்துவிட்டார்கள் என்று தெரிகிற வரையில் அவருக்குக் கண் மூடாது. அதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தார். போட்டிக்கு முன்பு ரிங்கின் இரண்டு மூலைக்கும் போய், “உங்க வீட்ல காலைல மொதல்ல எந்திரிக்கிறது யாரு?” என்று கேட்பார். அந்த ஆளின் போன் நம்பரை வாங்குவார். வாங்கிய துண்டுத்தாளை அவர் தொலைத்துவிடுவதால், நம்பரெல்லாம் என் நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஏறும். சாயங்காலம் கிளம்பும்போது என்னிடம் கேட்டு போனில் பதிந்துகொள்வார். மறுநாள் விடிகாலை சுபுஹு தொழுகை முடித்து, செத்த நேரம் பொறுத்து, ஆறரைக்கு மேல் ஒவ்வொரு வீடாகக் கூப்பிடுவார். கேள்வி இரண்டுதான். “எந்திரிச்சாச்சா? என்ன சாப்பிட்டாக?”

இதற்காக அவருக்கு அலாரம் பாய் என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

ஒருமுறை கன்னிவாடிப் பையன் ஒருவன் தன் அம்மாவின் நம்பரைக் கொடுத்திருந்தான். தான் குத்துச்சண்டைக்குப் போவதை அந்த அம்மாவிடம் அவன் சொல்லவில்லை. மறுநாள் காலை போனை எடுத்த அம்மாவுக்கு, யாரோ ஒரு பெரியவர் தன் மகன் எத்தனை மணிக்கு எழுந்தான், என்ன சாப்பிட்டான், வாந்தி கீந்தி உண்டா என்று அக்கறையாக விசாரித்ததும் வேறு மாதிரி தோன்றியிருக்கிறது.

“உங்களுக்கு எத்தனை பொண்ணுங்க?” என்று கேட்டிருக்கிறார்.

“ரெண்டும்மா.”

“மூத்தது என்ன படிச்சிருக்கு?”

“ரெண்டுக்கும் கல்யாணம் ஆயிருச்சும்மா.”

“அப்புறம் எதுக்குய்யா எம் மகன் திங்கிறதைக் கேக்குற?”

இதை அவரே என் மேசைக்குப் பக்கத்தில் நின்று சொல்லி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பையன் எழுந்து ஐந்து தோசை சாப்பிட்டிருந்தான். சிரிப்புக்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

போன் எல்லாம் முடிந்ததும், எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அங்கேயே தூங்கிவிடுவார். ஒரு திங்கட்கிழமை தோல் ஷாப்புக்குப் போக ஏறிய டவுன் பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய இடம், அடுத்த இடம் எல்லாம் தாண்டிவிட்டது. கண்டக்டர் எழுப்பப் பார்த்து முடியாமல், திரும்பி வரும் நடையில் அவர் நிறுத்தத்திலேயே இறக்கிவிட்டார். ரெண்டாவது டிக்கெட் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார் என்று பாயின் மனைவி சொன்னார். ஒரு நோன்புப் பெருநாளுக்கு அவர்கள் வீட்டில் சாப்பிட்டபோது சொன்னது இது. கூடவே இன்னொன்றும் சொன்னார்.

“ஊர்ல உள்ளவுகளை எல்லாம் எந்திரிச்சாச்சா, எந்திரிச்சாச்சான்னு கேக்குறாக. என்னைய ஒரு நாளாவது தூங்குனியான்னு கேட்டிருக்காகளா, கேளுங்க டீச்சர்.”

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, “நீதான் நான் படுக்குறதுக்கு முன்னாடி கொறட்டை விட்டுர்றியே” என்றார்.

டாக்டரிடமும் போய்ப் பார்த்திருக்கிறார்கள். படுத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று மெதுவாக எண்ணிக்கொண்டே வாருங்கள், தூக்கம் வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். “எட்டுக்கு மேல எண்ணிப் பழக்கம் இல்லையே டாக்டர்” என்று இவர் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

ஊரில் இதற்கு ஒரு கதை உண்டு. இளம் வயதில் அவர் நடத்திய போட்டியில் அடிபட்ட ஒருவன் வீட்டுக்குப் போய்ப் படுத்து மறுநாள் எழவில்லை என்று. மூன்று பேர் மூன்று ஊர்ப் பெயரோடு எனக்குச் சொன்னார்கள். பெயர்கள் ஒத்துப்போகாததால் நான் அவரிடமே கேட்டேன்.

“அப்படி எதுவும் நடந்துச்சா பாய்?”

“இல்லையே. ஒருத்தருக்கும் ஒன்னும் ஆனதில்ல.”

“பிறகு ஏன் இப்படி?”

“ஆகாம இருக்கத்தான் டீச்சர்.”

அவர் மனைவியிடமும் தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். எதுவும் நடக்கவில்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அந்தக் கதை இன்னும் உலவுகிறது. ஒரு மனிதர் மற்றவர்களுக்காகத் தூங்காமல் இருக்க வேண்டுமென்றால் அவர் ஏதோ தவறு செய்திருக்க வேண்டும் என்று நமக்கு ஏன் தோன்றுகிறது என்று தெரியவில்லை.

தோல் ஷாப்பில் அவர் வேலை செய்வதை ஒருமுறை பார்த்தேன். பள்ளியிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். ஒரு தோலை எடுத்து, வெளிச்சத்தில் ஒரு முறை திருப்பி, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, இந்த அடுக்கு அல்லது அந்த அடுக்கு என்று வீசுவார். போட்டதைத் திரும்ப எடுத்துப் பார்க்கவே இல்லை. ரிங்கில் நிற்கும் அதே ஆளா என்று ஆச்சரியமாக இருந்தது. கேட்டேன். “இதுகளுக்கு நாளைக்குக் காலைல எந்திரிக்கிற வேலை இல்லையே டீச்சர்” என்றார்.

இரண்டு நாள் போட்டி என்றால் அவருக்குச் சிக்கல். முதல் நாள் நடுவராக நின்றால் அன்று இரவு தூக்கம் போகும். தூக்கம் போனால் இரண்டாம் நாள் நிற்கக் கூடாது. ஆகவே அவர் முதல் நாளோடு முடித்துக்கொள்வார். இரண்டாம் நாள் சும்மா வந்து ஏணி பிடிப்பார், கயிறு இறுக்குவார், தலையணையோடு மூலைக்குப் போய்விடுவார். எல்லோருக்கும் இது தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, 9.40க்கு, என் மேசைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

“ஒன்னரை” என்றார்.

நான் கட்டத்தில் எழுதினேன். முந்தைய நாள் குஜிலியம்பாறைக்காரர் ஒருவருக்கு இரண்டு முறை எட்டு எண்ணியிருந்தார். காலையில் அந்த வீட்டு போன் அணைந்தே கிடந்திருக்கிறது. ஊரில் வேறு யாரையோ பிடித்து, 9.15க்குத்தான் விஷயம் தெரிந்தது. அந்தக் குஜிலியம்பாறைக்காரர் காலையிலேயே கடலைக்குக் களை எடுக்கப் போய்விட்டார்.

“அப்ப இனிமே தூங்கலாமே பாய்” என்றேன்.

“அதுக்குத்தான் வந்தேன்” என்று பையை எடுக்கக் குனிந்தார். அப்போதுதான் சங்கச் செயலாளர் வந்தார். அன்று நிற்க வேண்டிய நடுவரின் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, வரவில்லை. மற்றப் போட்டிகளுக்கு ஆள் இருந்தது. பெண்கள் பிரிவு இறுதிப் போட்டி ஒன்றுக்கு மட்டும் சிக்கல். மீதமிருந்த ஒரே நடுவர், அந்தப் போட்டியில் இறங்கும் பழனிப் பெண்ணின் பயிற்சியாளர்.

“பாய், ஒரே ஒரு பைனல். ஒம்போது நிமிசம். நின்னுட்டுப் போய்ப் படுங்க.”

“ஒன்னரை மணி நேரம்தான் சார் தூங்கிருக்கேன். டீச்சர் நோட்டுல எழுதியாச்சு.”

“நானெல்லாம் நேத்து பொட்டுக்கூடக் கண்ண மூடல. மண்டபத்துக்காரன் ஃபேனை நிறுத்திட்டான். நான் நடமாடலையா?”

“நடமாடுறதுக்குத் தூக்கம் வேண்டாம் சார்.”

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

எதிர்த் தரப்புப் பெண் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சின்னாளப்பட்டி, அம்மாவும் அப்பாவும் தறி நெய்கிறவர்கள். நர்சிங் இரண்டாம் வருடம். கைக்கட்டுத் துணியைப் பாதி சுற்றியபடி வந்தாள்.

“பாய், நீங்க நில்லுங்க. அவுக கோச்சு நின்னா நான் இறங்க மாட்டேன். இறங்கலேன்னா தோத்ததா எழுதிருவாங்க. மாநிலப் போட்டிக்கு அடுத்த வருசம்தான். அடுத்த வருசம் எனக்கு டியூட்டி போட்டுருவாங்க பாய்.”

அவர் பையை மேசைக்கு அடியில் தள்ளினார். பிறகு, “நீ நேத்து எம்புட்டு நேரம்மா தூங்குன?” என்று கேட்டார்.

“எட்டு மணி நேரம்.”

“சரி. ரெண்டு பேருக்கும் சேர்த்து நீயே தூங்கிட்ட” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் எழுதிய கட்டத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டி, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் கட்டம் அதற்காகத்தான் இருந்தது. 11.20க்கு மணி அடித்தேன்.

முதல் சுற்று சுத்தமாக முடிந்தது. சின்னாளப்பட்டிப் பெண்தான் முன்னால் இருந்தாள் என்று எனக்குப் பட்டது. இரண்டாம் சுற்றில் ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடியில் பழனிப் பெண்ணின் வலது கை நேராக இவள் நெற்றிப்பொட்டில் இறங்கியது. இவள் கைகள் இரண்டும் தானாகக் கீழே தொங்கின. வழக்கமாக அந்த இடத்தில் ‘ஸ்டாப்’ என்று அவர் குரல் கேட்கும். ஒன்பது வருடப் பழக்கத்தில் என் பென்சில் அந்தக் குரலுக்கு முன்பே 1.12 என்று எழுதிவிட்டது. குரல் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர் இரண்டடி தூரத்தில், கண்ணை நன்றாகத் திறந்து, அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு அடி விழுந்தது. அதற்கு மேல் இன்னொன்று. அவள் முழங்காலில் இறங்கியபோதுதான் “ஸ்டாப்” என்று கத்திக்கொண்டு இடையில் புகுந்தார். 1.16. எண்ணவே இல்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டிப் போட்டியை முடித்தார்.

மருத்துவர் அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தார். பேர் சொன்னாள், கிழமை சொன்னாள், விரலைச் சரியாக எண்ணினாள். வீட்டுக்குப் போகலாம், இரவு பக்கத்தில் ஆள் இருக்கட்டும், வாந்தி வந்தால், குழறினால், எழுப்பி எழாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி என்றார். அம்மாவும் அவளும் ஆட்டோவில் ஏறினார்கள். பாய் மஞ்சப்பையிலிருந்து தலையணையை எடுத்து வந்து, அவள் தலைக்கும் ஆட்டோக் கம்பிக்கும் நடுவில் வைத்தார். ஆட்டோ போன பிறகு என் மேசைக்கு வந்தார்.

“எம்புட்டு டீச்சர்?”

என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். ‘ரெண்டு’ என்று சொல்ல நினைத்தேன். இரண்டு விநாடி யாருக்கும் ஆகக்கூடியது. இரண்டு என்று சொன்னால் ஒருவேளை தூங்குவார். என் உள்ளங்கை நோட்டின் மேல் இருந்தது.

“நாலு” என்றேன்.

தலையாட்டினார். “ஒன்னரையும் நாலும் ஒரே பக்கத்துலயா இருக்கு?”

“ஆமா பாய்.”

“பக்கத்தைக் கிழிச்சிராதீங்க” என்றார். “எங்கிட்டக் கேக்க மாட்டாங்க. உங்ககிட்டக் கேட்டாக் காட்டுங்க.”

யாரும் கேட்கவில்லை. செயலாளர், “ஆட்டத்துல இதெல்லாம் சகஜம்” என்றார். பாய் போ டையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காலி மஞ்சப்பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு அவர் எந்த ரிங்கிலும் ஏறவில்லை. நான்கு வருடம் கழித்து அவரும் மனைவியும் ஆம்பூருக்கு, மகள் வீட்டோடு போய்விட்டார்கள். நான் ‘இரண்டு’ என்று சொல்லியிருந்தால் இன்னும் சில வருடம் நின்றிருப்பாரோ என்று யோசித்ததுண்டு. அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்க்கும்போது அந்த யோசனை நின்றுவிடும். அதில் ஒன்றரை என்று இருப்பது என் கையெழுத்து.

அன்று மாலை வீட்டுக்கு வந்து, மீதி விடைத்தாளை எடுத்து வைத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. ஒன்பது வருடத்தில் முதல் முறையாக அவர் என்னிடம் நம்பர் வாங்காமல் போயிருந்தார். சின்னாளப்பட்டிப் பெண்ணின் அம்மா நம்பர் என் நோட்டின் கடைசிப் பக்கத்தில்தான் இருந்தது. பாய்க்கு போன் செய்தேன், எடுக்கவில்லை. அன்று நான் பன்னிரண்டாவது விடைத்தாளையும் திருத்தவில்லை. ஒவ்வொரு மணிக்கும் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் வருடக்கணக்காக இதைத்தான் செய்துகொண்டிருந்தார் என்பது அன்றுதான் உடம்புக்குத் தெரிந்தது.

மறுநாள் திங்கள். எழுந்ததும் முதலில் தேதி எழுதுவது என் வழக்கம். அன்று அதை எழுதவில்லை. முதலில் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, 6.05க்கு அந்த நம்பரைக் கூப்பிட்டேன். நான்கு முறை மணி அடித்தது.

“யாரு?”

“நேத்து மணி அடிச்ச டீச்சரம்மா. எந்திரிச்சாச்சா?”

“ஐயோ டீச்சரா! எந்திரிச்சுட்டா, எந்திரிச்சுட்டா. அஞ்சரைக்கே எந்திரிச்சுத் தண்ணி பிடிக்கக் குடத்தோட வெளிய போனா. போனவ ‘அம்மா’ன்னு கத்துறா. எனக்கு உசுரே போச்சு. ஓடிப் பார்த்தா, எதுத்த வீட்டுச் செவத்தோரம் அந்த பாய் நிக்கிறாரு.”

“பாயா? எப்ப வந்தாரு?”

“தெரியலையே. மொதப் பஸ்ஸுக்கே வந்துட்டாரு போல. போன் நம்பர் கேக்கக் கூச்சமா இருந்துச்சுன்னாரு. எங்க தெருவுல தறி ஓட்டுறவங்ககிட்ட விசாரிச்சு வந்து நின்னுருக்காரு. கதவத் தட்டுனா புள்ள தூக்கம் கெட்டுருமாம்.”

“என்ன சொன்னாரு?”

“இவளையே பார்த்துட்டு நின்னாரு. பிறகு, ‘என்னம்மா சாப்பிடப் போற?’ன்னாரு. ‘ரவை உப்புமா பாய்’னா. நல்லாச் சாப்பிடுன்னாரு. உக்காருங்கன்னு சேர் போட்டோம். அவரு தலகாணிய இவ கொண்டாந்து கொடுத்தா, வாங்கி மடியில வச்சாரு. நான் டீ போட்டுக் கொண்டாரதுக்குள்ள அதுமேலயே சாஞ்சுட்டாரு டீச்சர். தெருவே சுத்தி நிக்குது, ஆளு அசையல. டீ ஆறிப்போச்சு. எழுப்பட்டா?”

“எப்ப தூங்குனாரு?”

“இப்பத்தான், அஞ்சே முக்காலு இருக்கும்.”

“எழுப்ப வேண்டாம்மா. வெயில் வந்தா மட்டும் சேரைத் தள்ளிப் போடுங்க.”

போனை வைத்தேன். பிறகுதான் ஆகஸ்ட் 19, திங்கள் என்று எழுதினேன். அதன் கீழே அவருக்கு ஒரு கட்டம் போட்டு, உறக்கம் 5.45 முதல் என்று எழுதி, எழுந்த நேரத்துக்கு இடம் விட்டு வைத்தேன்.